கையுறைக்காரி காட்டாத மூலை

ஒட்டுப்போர்வைக் கண்காட்சியில் வெள்ளைக் கையுறை போட்டவர்களுக்குத்தான் தனி மரியாதை. துண்டுத் துணிகளை இணைத்து, அடியில் பஞ்சு பரப்பி, அதற்கும் அடியில் இன்னொரு துணி வைத்து, மூன்றையும் ஊசியால் ஒன்றாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. அப்படித் தைத்ததை யார் வேண்டுமானாலும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போகலாமா? விரலில் இருக்கும் எண்ணெயும் வியர்வையும் துணியில் பிடித்துக்கொள்ளும். அதனால் பார்க்க வருகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பின்பக்கம் பார்க்க ஆசையாக இருந்தால் கையுறை போட்டவரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து ஒரு மூலையைப் பிடித்து மெல்லத் திருப்பிக் காட்டுவார். முன்பக்கத்தில் நிறத்தைக் காட்டி யாரும் மயக்கிவிடலாம். தைத்தவளின் யோக்கியதை பின்பக்கத்தில்தான் தெரியும்.

பெரியவளுக்கு அந்தக் கையுறை வேலை என்றால் உயிர். வீட்டில் இரண்டு மருமகள்களில் மூத்தவள் என்பதால் அவள் பெரியவள். அவள் கொழுந்தன் மனைவி சின்னவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பெரியவள் ஒரு திரைச்சீலைக் கடையில் பதினான்கு வருஷமாகத் தையல் வேலை பார்க்கிறாள். ஜன்னல்களை அளந்து வருவாள், ஓரம் மடித்துத் தைப்பாள், கம்பி மாட்டிவிட்டு வருவாள். ஊரில் பாதி ஜன்னலுக்கு அவள்தான் உடை உடுத்தியிருக்கிறாள் என்று கடை முதலாளி பெருமையாகச் சொல்லுவார். சம்பளம் உயர்த்தும் பேச்சு வந்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

அந்தக் கண்காட்சியை நடத்தும் ஒட்டுப்போர்வைச் சங்கத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது ஒரு பல் டாக்டர். மருத்துவமனைக்குத் திரை வாங்க வந்த அந்த அம்மா, வெட்டி மிஞ்சிய துண்டுகளில் பெரியவள் தைத்திருந்த மேஜை விரிப்பைப் பார்த்துவிட்டு, "இது யார் தைச்சது, நீங்களா? ஞாயித்துக்கிழமை எங்க சங்கத்துக்கு வாங்க" என்றார். பெரியவள் போனாள். நூலகத்தின் மாடி அறை, நீள மேஜை, பதினெட்டுப் பெண்கள், ஒரே ஒரு ஆண். அந்த ஆண் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நீல நிறம் தவிர வேறெதையும் தைக்க மாட்டார். ஏனென்று கேட்டால், "சிவப்பைப் பாத்தா கால் தானா பிரேக்கைத் தேடுதுங்க" என்பார். முன்பு கணக்கு டீச்சராக இருந்த அம்மாதான் சங்கத் தலைவி. அரை நூல் பிசகினாலும் பிரிக்கச் சொல்லிவிடுவார்.

முதல் நாளே பெரியவளுக்கு "ஜன்னல் அக்கா" என்று பெயர் விழுந்துவிட்டது. அங்கே யாரும் யாரையும் நீ என்ன படித்தாய், உன் வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்பதில்லை. ஒருத்தி தப்பாகத் தைத்ததை நான்கு பேர் உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பார்கள். பிரிக்கும்போது அவளை வாரு வாரு என்று வாரிவிடுவார்கள். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்துவிட்டால் பெரியவளுக்குக் கால் தரையில் பாவாது.

வீட்டிலோ எல்லாமே சின்னவள்தான். சின்னவள் வைத்தால் குழம்புக்குத் தனி ருசி. சின்னவள் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறும். சின்னவள் நட்டால் செடி பூக்கும். பெரியவளின் சொந்தப் பிள்ளைகளே பரீட்சை வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம் ஓடுவார்கள். "சின்னவ கை பட்டா எதுவும் துலங்கும்" என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைப்பார். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைப்பானேன். சின்னவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் பெரியவளுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ கெட்டவள் இல்லை, "அக்கா, அக்கா" என்று உயிரை விடுகிறவள்.

"அக்கா, நானும் ஒரு நாள் உங்க சங்கத்துக்கு வரட்டுமா?" என்று சின்னவள் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். முதல் தடவை, அங்கே உட்கார இடம் இல்லை என்றாள் பெரியவள். இரண்டாம் தடவை, இந்த வாரம் கூட்டம் இல்லை என்றாள். மூன்றாம் தடவை, "உனக்குப் போர் அடிக்கும்டி" என்று முடித்துவிட்டாள். நான்காம் தடவை சின்னவள் கேட்கவில்லை.

இந்த வருஷக் கண்காட்சிக்குப் பெரியவள் எடுத்துக்கொண்டது ஜன்னல்கள். கடையில் மிஞ்சிய திரைத்துணிகளை வைத்து, ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடம். ஏழு வரிசை, வரிசைக்கு ஆறு, மொத்தம் நாற்பத்திரண்டு ஜன்னல். ஒன்றில் விளக்கு எரியும், ஒன்றில் திரை பாதி மூடியிருக்கும், ஒன்றில் யாரோ துண்டு காயப்போட்டிருப்பார்கள். வெட்டி இணைக்கவே ஏழு மாதம் பிடித்தது. சும்மா சொல்லக் கூடாது, யோசனை அருமையான யோசனை. அடுத்தது மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் தைக்கும் வேலை. மேலே மூன்று வரிசை முடித்திருந்தபோது, ஒரு வீட்டில் கம்பி மாட்ட ஏணியில் ஏறியவள் தவறி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கை வரை மாவுக்கட்டு. கண்காட்சிக்கு இன்னும் ஏழே வாரம்.

போர்வையை மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுததைச் சின்னவள் பார்த்துவிட்டாள். "நான் போடட்டுமா அக்கா? நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க, அப்படியே போடறேன்."

"ரெண்டு ஜன்னல் போட்டுப் பாரு" என்றாள் பெரியவள், அரை மனதாக.

சின்னவள் இடக்கைக்காரி. முதல் ஜன்னலில் தடுமாறினாள், இரண்டாவதைப் பிரித்துத் திரும்பப் போட்டாள், மூன்றாவதிலிருந்து ஊசி அவள் சொன்னபடி கேட்க ஆரம்பித்துவிட்டது. அரிசி முனை அளவுத் தையல், ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல். இரண்டு ஜன்னல் ஒரு வரிசையாயிற்று, ஒரு வரிசை நான்காயிற்று. ஐந்து வாரம், தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பின்கட்டு அறையில் உட்கார்ந்தார்கள். பெரியவள் டிரைவரின் பிரேக் கதையைச் சொன்னாள், டீச்சரைப் போலக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக் காட்டினாள். சின்னவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சின்னவள் கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் அவர்கள் இருவரும் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கட்டுப் பிரித்த மறுநாள் சங்கத்திலிருந்து விண்ணப்பப் படிவம் வந்தது. சின்னவள் அப்போது தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். படிவத்தில் ஒரு கேள்வி. தைத்தவர்: ஒருவர், இருவர், குழு. ஏதாவது ஒன்றில் குறி போட வேண்டும்.

பெரியவள் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். யோசனை என்னுடையது, துணி என்னுடையது, வெட்டியது நான், இணைத்தது நான், மேலே மூன்று வரிசை தைத்தது நான், அவள் நான் சொன்னபடிதானே போட்டாள் என்று தனக்குத்தானே வழக்காடினாள். எதிர்த்தரப்பில் ஆள் இல்லாத வழக்கு, ஜெயித்ததைக் கேட்பானேன். 'இருவர்' என்று போட்டால் சங்கத்தில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். யார் அந்த இன்னொருத்தி, கூட்டிக்கொண்டு வாங்க, என்ன கை இது என்பார்கள். ஒரே மாதத்தில் அங்கேயும் எல்லாமே சின்னவள் ஆகிவிடும். 'ஒருவர்' என்ற இடத்தில் குறி போட்டாள். போர்வையின் பின்பக்கத்தில் தன் பெயரை மட்டும் எழுதிய துணிச்சீட்டையும் தைத்து வைத்தாள்.

கண்காட்சி இரண்டு நாள், ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கத்தில். நடுவர்கள் வரும்போது பெயர்ச்சீட்டுகளின் மேல் துண்டுத்துணி குத்தி மறைத்துவிடுவார்கள், யாருடையது என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்வதற்காக. முதல் நாள் பத்து மணிக்குக் கதவு திறந்தது. 'ஒருவர்' பிரிவில் முதல் பரிசு ரிப்பன் ஜன்னல் போர்வையில் குத்தியிருந்தது. பதினெட்டுப் பேரும் வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டாம் பரிசு டிரைவருக்கு. அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினார்.

டீச்சர் நடுவரின் குறிப்பைக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "மேல் வரிசைகளில் தையல் சற்றுத் தயங்குகிறது. கீழே வர வரக் கை நன்றாகத் தேறியிருக்கிறது. கடைசி நான்கு வரிசைகள் மிக உயர்ந்த தரம்."

"கை ஒடிஞ்சப்புறம்தான் ஜன்னல் அக்காவுக்குக் கை வந்திருக்கு" என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்குக் காது மடல் சுட்டது.

பல் டாக்டர் மட்டும் கையுறையை மாட்டிக்கொண்டு கீழ் மூலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்க்கிற கண். "இங்க தையல் அந்தப் பக்கமாச் சாயுதே, ஏன்?"

"கட்டுப் போட்ட கை இல்லையா டாக்டர், வேற மாதிரிப் பிடிச்சுத் தைச்சேன்."

"அடேங்கப்பா. அந்தக் கையோடயா இதைப் போட்டீங்க?" என்று டாக்டர் அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். படிவத்தில் ஒரு குறியாக இருந்தது இப்போது வாய் திறந்து சொன்ன பொய்யாகிவிட்டது. அன்று முழுக்க யார் பின்பக்கம் காட்டச் சொன்னாலும் பெரியவள் தான் தைத்த மேல் வலது மூலையை மட்டுமே திருப்பிக் காட்டினாள். கீழ் மூலைப் பக்கம் அவள் போகவில்லை. வீட்டில் கேட்டபோது, ஏதோ ஒரு ரிப்பன் கொடுத்தார்கள் என்று முணுமுணுத்துவிட்டு, "நாளைக்கு யாரும் வராதீங்க, ஒரே கூட்டம்" என்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்குச் சின்னவள் வந்துவிட்டாள். நல்ல சேலை உடுத்தி, தலையை அழுந்த வாரி, இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருந்தாள். அரங்கத்தின் அந்தக் கோடியிலிருந்தே பெரியவள் பார்த்துவிட்டாள். சின்னவள் ஒவ்வொரு போர்வையாக நின்று நின்று பார்த்துக்கொண்டு வந்தாள். அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தபடி கையைப் பின்னால் கட்டியிருந்தாள். ஜன்னல் போர்வைக்கு வந்தாள். ரிப்பனைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். பிறகு பக்கத்திலிருந்த அட்டையைப் படித்தாள். தைத்தவர் என்று ஒரு பெயர், அடைப்புக்குறிக்குள் 'ஒருவர்'. அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவள் ரொம்ப நேரம் படித்தாள்.

"வா" என்றாள் பெரியவள்.

"பின்னாடி கொஞ்சம் காட்டுங்களேன் அக்கா."

இதை நான் எப்படிச் சொல்லுவேன். பழக்க தோஷமோ பயமோ, பெரியவளின் கை தானாக மேலே போய், அந்த வலது மூலையைப் பிடித்துத் திருப்பியது. தைத்தவளிடமே அவளுடைய தையலை மறைத்தாள். சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டரும் டிரைவரும் வந்து சேர்ந்தார்கள். "யாரு ஜன்னல் அக்கா, உங்க வீட்டு ஆளா?" என்றார் டிரைவர்.

"என் ஓரகத்தி."

டிரைவர் வணக்கம் சொன்னார். டாக்டர் சின்னவளைப் பார்த்து, "அப்போ வீட்டுலயே ஒரு சங்கம் இருக்குன்னு சொல்லுங்க. நீங்களும் தைப்பீங்களா?" என்று கேட்டார்.

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். "எனக்கா? எனக்கு ஊசி கோக்கவே வராதுங்க. எல்லாம் அக்கா கைதான்" என்றாள். சொல்லிவிட்டு, பெரியவளின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

டாக்டர் நின்றார், டிரைவர் நின்றார். பெரியவள் வாயைத் திறந்தாள். "டீ குடிக்கிறியா?" என்றாள்.

"இல்லக்கா, பஸ் போயிடும்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் வாசலை நோக்கி நடந்தாள். கையைப் பின்னால் கட்டியபடியே போனாள்.

மதியம் பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து, வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் போய், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "எவ்வளவு தைச்சாங்க?"

"கீழ நாலு வரிசை."

"ஏழுலயா?"

"ஏழுல நாலு, டீச்சர்."

அதட்டியிருந்தால் தேவலை. டீச்சர் அதட்டவில்லை. "ரிப்பனை நீங்களே எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். பெரியவள் போய், எல்லார் கண்ணும் பார்க்க, குண்டூசியைப் பிடுங்கி ரிப்பனை எடுத்தாள். 'ஒருவர்' பிரிவில் அடுத்தவர் டிரைவர் என்பதால் அது அவருக்குப் போயிற்று. அவர் அதை வாங்கிக்கொண்டு, எங்கே குத்துவதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு கேலி கூடச் சொல்லவில்லை. பல் டாக்டர் அவளைப் பார்த்து, "கட்டுப் போட்ட கைன்னு சொன்னீங்களே" என்றார். பெரியவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"வேணும்னா நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க" என்றார் டீச்சர். பெரியவள் கிளம்பவில்லை. ஐந்து மணி வரை தன் முறை இருக்கிறது என்று சொல்லிக் கையுறையோடு அங்கேயே நின்றாள். புது அட்டை எழுதி வைத்தார்கள், இரண்டு பெயரோடு. யாரும் கேட்காமலேயே கீழ் மூலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "இது என் ஓரகத்தி தைச்சது. இந்த நாலு வரிசையும் அவ தைச்சது. இடது கை." வந்தவர்கள் குனிந்து பார்த்து, ஆகா ஓகோ என்றார்கள்.

மனுஷ மனசு இருக்கிறதே, அது சரியான போக்கிரி. ஐந்து மணிக்குள் பெரியவளுக்குத் தன் மேலேயே கொஞ்சம் மதிப்பு வந்துவிட்டது. எத்தனை பேர் இப்படிச் சபையில் ஒப்புக்கொள்வார்கள் என்று தோன்றியது. புது அட்டையைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இதைக் கொடுத்ததும் சின்னவள் அழுவாள், நானும் அழுவேன், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள்.

சின்னவள் பின்கட்டு அறையில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் உள்ளே போய், நடந்ததை எல்லாம் சொல்லி, அட்டையை அவள் கையில் கொடுத்தாள். சின்னவள் படித்தாள். கட்டில் மேல் வைத்தாள். "சரிக்கா" என்றாள்.

"என்னடி சரிங்கிற? இன்னும் கோவமா?"

"ரிப்பனுக்கு எனக்கு என்னக்கா கோவம்." ஒரு துண்டை எடுத்து மடித்தாள். "அங்க அட்டையில உங்க பேரை மட்டும் பாத்தப்பகூடக் கோவம் வரல. அவசரத்துல எழுதியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"ஆனா நீ என்னை விட்டுக்கொடுக்கலயே. ஊசி கோக்க வராதுன்னு சொல்லி என் மானத்தைக் காப்பாத்தினியே. அதுதான் என்னைக் கொன்னுடுச்சு. அதனாலதான் போய்ச் சொன்னேன்."

சின்னவள் மடிப்பதை நிறுத்தினாள். "உங்களைக் காப்பாத்தறதுக்குச் சொல்லலக்கா."

"பின்ன?"

"டாக்டரம்மாவை, டிரைவரை எல்லாம் உங்க வாயால கேட்டுக் கேட்டு எனக்கு நல்லாத் தெரியும். அவங்க முன்னாடி அப்படிச் சொன்னா நீங்க சிரிச்சுட்டு, 'புளுகறா பாருங்க, பாதி இவ தைச்சது'ன்னு சொல்லி என்னை இழுத்து முன்னால நிறுத்துவீங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். சொல்லிட்டு நின்னேன்ல. நீங்க டீ குடிக்கிறியான்னு கேட்டீங்க."

பெரியவள் கட்டிலில் அட்டையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த கூட்டத்துக்கு என்னோடு வா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இவ்வளவு நாள் கழித்து, இந்த நேரத்தில் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சின்னவள் மீதித் துணிகளையும் மடித்து முடித்தாள். பெரியவளுடையதைத் தனியாக எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.